மேகலாவுக்கு வேண்டிய வெளிச்சம்

"இன்னா பண்ற?" என்று கேட்டாள் மேகலா.

சாருலதா அந்த லேபில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் கைப்பையைக்கூட மாட்ட இடம் தேடிக்கொள்ளவில்லை. மைக்ராஸ்கோப்பின் பக்கவாட்டுத் திருகில் வைத்த கையை எடுக்காமலே, "கண்டென்சரை மேல ஏத்தறேன்" என்றாள்.

"யாரக் கேட்டு ஏத்துற?"

"கீழ இறங்கி இருந்தது. அதான்."

"எறங்கி இல்ல. எறக்கி வெச்சிருந்தேன். நானு."

"மேலதான் இருக்கணும். புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"அந்தப் புஸ்தகம் எழுதினவரு ரத்தம் பாத்தாரா, யூரின் பாத்தாரா?"

சாருலதா யோசித்தாள். "அது போடலை" என்று உள்ளதைச் சொன்னாள்.

"போடமாட்டாரு. அவரு ரத்தம்தான் பாத்திருப்பாரு. யூரின் பாக்கறதுக்குன்னு தனியா ஒரு ஆள வெச்சிருப்பாரு. அந்த ஆளு புஸ்தகம் எழுதல." மேகலா முழங்கையால் அவளை மெல்ல ஒதுக்கிவிட்டுத் திருகைத் திருப்பினாள். "எங்க வூடு பட்டினப்பாக்கத்துல கீது. மட்ட மத்தியானத்துல கடலப் பாத்தா இன்னா தெரியும் சொல்லு? ஒரே பளபளான்னு கண்ணு கூசும். ஒரு எழவும் தெரியாது. அதே கடல சாயங்காலம் பாரு, ஒவ்வொரு அலையும் தனித்தனியா தெரியும். யூரினுக்கு சாயங்கால வெளிச்சம் வேணும்மே."

"ரத்தத்துக்கு?"

"ரத்தத்துக்கு மத்தியானம். அதுக்குத்தான் சாயம் போட்டு வெச்சிருக்கீங்களே, எவ்ளோ அடிச்சாலும் தாங்கும்."

"அப்போ நான் ரத்தம் பாக்கறச்சே ஏத்திக்கறேன். நீங்க இறக்கிக்கோங்கோ."

"ஏத்திக்க. வேல முடிஞ்சா எறக்கி வெச்சிட்டுப் போ."

"நீங்களும் உங்க வேலை முடிஞ்சதும் ஏத்தி வெச்சுட்டுப் போவேளா?"

மேகலா திரும்பி அவளை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். "பாத்தா வாயில்லாத பொண்ணாட்டம் கீற. உள்ள வெச்சிருக்கியா?"

அப்படித்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது. இருவரும் அதை ஒருநாள்கூடக் காப்பாற்றவில்லை.

மந்தைவெளியில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்த லேப். சண்முகசுந்தரம் சார் அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தே ஓய்வு பெற்றவர்; பெற்ற ஓய்வு இரண்டு வாரத்தில் அலுத்துப் போய் இதைத் தொடங்கினார். அங்கே ஃப்ரிட்ஜ் ஒன்று, ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் யந்திரம் ஒன்று, மைக்ராஸ்கோப் ஒன்று. ஆட்கள் மட்டும் இரண்டு. அதனால்தான் சண்டை.

ஒரு வீட்டில் ஒரே ஃபேன் இருந்தால் அதன் ரெகுலேட்டருக்கு என்ன கதி ஏற்படுமோ, அதுதான் அந்தக் கண்டென்சருக்கும் ஏற்பட்டது. கண்டென்சர் என்பது ஸ்லைடு வைக்கும் மேடைக்கு அடியில் தொங்கும் லென்ஸ். அடியில் எரியும் விளக்கின் வெளிச்சத்தைக் குவித்து மேலே அனுப்புவது அதன் வேலை. அதன் வயிற்றில் டயஃப்ரம் என்று ஒன்று உண்டு. கண்ணின் பாப்பாவைப்போல விரியும், சுருங்கும். அதற்கும் கீழே, விரலால் தள்ளினால் வெளியே வரும் ஒரு வளையத்தில் வட்டமான நீலக் கண்ணாடி. பல்பின் மஞ்சள் வெளிச்சத்தை அது வெள்ளையாக்கித் தரும்.

ரத்தம் பார்க்கிற சாருலதா கண்டென்சரை உச்சிக்கு ஏற்றி, டயஃப்ரத்தை நன்றாக விரித்து, ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெரிய லென்ஸில் பார்ப்பாள். யூரின் பார்க்கிற மேகலா அதை இறக்கி, டயஃப்ரத்தைச் சுருக்கி, சின்ன லென்ஸில் பார்ப்பாள். ஒருத்தி எழுந்துபோய் அடுத்தவள் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் சத்தம் திருகின் சத்தம். இரண்டாவது சத்தம் வசவு.

"எவமே சூரியன உள்ள வுட்டது?"

"குகைக்குள்ள உக்காந்துண்டு என்னத்தைப் பார்க்கற நீ?"

வாரம் ஒன்று ஓடுவதற்குள் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத சாருலதா, மைக்ராஸ்கோப்பின் முன்னால் கிடந்த ஒற்றை முக்காலியின் பொருட்டு ஒருநாளில் நாற்பது வார்த்தை பேசினாள். அவள் அம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் மைக்ராஸ்கோப்புக்குச் சூடம் காட்டியிருப்பாள்.

மேகலா கடற்கரைக் குடும்பத்துப் பெண். அப்பா சுப்பராயன் கடலுக்குப் போகிறவர். அம்மா பாஞ்சாலி கரையோரத்தில் மீன் கடை போட்டிருப்பவள். நாலு பிள்ளைகளில் மேகலா மட்டும்தான் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டினாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் படிப்பு இருக்கிறதென்று யாரோ சொல்ல, அது என்ன படிப்பு என்று கேட்காமலே விண்ணப்பித்தாள். முதல் வாரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள், வாத்தியார் பெல் அடித்தும் எழுந்திருக்கவில்லையாம். "பின்னால வரிசையில நின்ன பசங்க பூரா என்னைத் திட்டுதுங்க. நான் எதுக்கு எந்திரிக்கணும்? உள்ள ஒரு ஊரே போய்க்கினு வந்துகினு கீது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

தினமும் பட்டினப்பாக்கத்திலிருந்து மந்தைவெளிக்கு நடந்தே வருவாள். வந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, புறங்கையைச் சாருலதாவின் மூக்குக்கு நேரே நீட்டி, "மீன் வாசம் வருதா?" என்பாள். சாருலதா மோந்து பார்த்து, "வரலை" என்பாள். மாலையில் கிளம்பும்போது மறுபடி கழுவி, மறுபடி நீட்டி, "யூரின் வாசம் வருதா?" என்பாள். "காலைல அந்த வாசத்த இங்க எடுத்துகினு வரக்கூடாது, சாயங்காலம் இந்த வாசத்த அங்க எடுத்துகினு போவக்கூடாது. நடுவுல நான் எந்த வாசத்தோடமே வாழறது?"

நோயாளிகளை அவள் பெயரால் அறிந்ததில்லை. உள்ளே பார்த்ததை வைத்தே அறிவாள். மாடிப்படியில் ஏறி வருகிறவரைப் பார்த்து, "தோ, கடித உறை வந்துட்டாரு" என்பாள். யூரினில் சிறுநீரகக் கல்லாகும் உப்பு இருந்தால் அந்தப் படிகங்கள் மைக்ராஸ்கோப்பில் குட்டிக் குட்டித் தபால் உறைகள்போலத் தெரியும். ஆர்.கே. மட சாலையில் குடியிருந்த ஓர் இன்ஜினியருக்கு மாதாமாதம் அவை குவியும். "யாருக்கோ கல்யாணப் பத்திரிகை அடிச்சு உள்ளயே வெச்சிருக்காரு, போஸ்ட் பண்ணல" என்று சொல்லி, நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்லி அவரை மிரட்டி அனுப்புவாள்.

அந்த முக்காலியில் அவள் உட்காருவதே ஒரு தினுசு. ஒரு காலை மடித்துப் போட்டு, துப்பட்டாவை முதுகில் முடிந்து, வலது கையால் ஸ்லைடை நகர்த்தியபடி இடது கையால் டயஃப்ரத்தைச் சுருக்கி விரித்துச் சுருக்கி, ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிறவளைப்போல வெளிச்சத்தைப் பிடிப்பாள். பிடித்ததும், "ஆங், வந்துட்டான்" என்பாள். வந்தவன் ஒரு செல்லாகவோ ஒரு படிகமாகவோ இருக்கலாம். அந்த லேபில் அவளுக்குச் சொந்தமென்று இருந்தது அந்த ஒரு முக்காலிதான். அதைத்தான் ஆயுத பூஜை வந்து பறித்தது.

சண்முகசுந்தரம் சாருக்கு பூஜை விஷயத்தில் ஓரவஞ்சனை கூடாது. உழைக்கிற பொருளெல்லாம் ஒரே சாதி என்பார். சந்தனக் கிண்ணத்தோடு அவர் கிளம்பினால் ஃப்ரிட்ஜுக்கு ஒரு பொட்டு, ரத்தம் சுற்றும் யந்திரத்துக்கு ஒரு பொட்டு, டெலிபோன் வட்டத்தின் நடுமையத்தில் ஒரு பொட்டு, ரப்பர் ஸ்டாம்புக்குத் தலையில் ஒரு பொட்டு. வாழை இலையில் மைக்ராஸ்கோப்பைப் பகுதி பகுதியாகக் கழற்றி வைக்கச் சொன்னார். மேகலாதான் ஒவ்வொன்றையும் துடைத்து வைத்தாள். சார் பின்னாலேயே வந்து பொட்டு வைத்தார். விரலை எடுத்து, தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, இம்மி கோணலாக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி வைப்பார். பொட்டு என்றால் நடுவில் இருக்க வேண்டும்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்து, எல்லாவற்றையும் மாட்டிச் சேர்த்து, முதல் பாட்டிலின் ஸ்லைடை வைத்து மேகலா கண்ணைக் கொடுத்தாள்.

"ஐயோ" என்றாள்.

உள்ளே இருட்டு. விளக்கை முழுதாகக் கூட்டினாள். இருட்டு. வழக்கம்போல டயஃப்ரத்தைச் சுருக்கினாள். இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போயிற்று. விரித்தாள். வேறு வழியில்லாமல், கொள்கையை விட்டுக் கண்டென்சரை ஏற்றியும் பார்த்தாள். கறுப்புக்கு நடுவே ஏதோ மினுக்மினுக்கென்றதே தவிர, அவளுக்குப் பழக்கமான செல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"சார், சாயங்காலம் கேட்டா அமாவாச வந்துகீது சார்!"

சண்முகசுந்தரம் சார் வந்தார். ஒரு கருவி நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ரத்தத்துக்கு மட்டுமே அருகதை உண்டு என்பது அவர் கட்சி. யூரின் ஸ்லைடை எடுத்துவிட்டு ரத்த ஸ்லைடை வைத்து, எண்ணெய் விட்டு, பெரிய லென்ஸைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பணுக்கள் ஒவ்வொன்றும் வட்டமாய், வெள்ளையணுவின் உள்முடிச்சுவரை, அப்படியே தெரிந்தன.

"கண்ணாடியாட்டம் இருக்கேம்மா. சாருலதா, நீ பாரு."

சாருலதா பார்த்தாள். "நன்னாத் தெரியறது, சார்."

"எனக்கு அறுபது வயசு. எனக்கே தெரியுது. மேகலா, உன் கண்ணை முதல்ல காட்டும்மா."

"என் கண்ணுக்கு இன்னா சார்? கரையில நின்னு எங்கப்பா படகு வர்றத சொல்லுவேன் நான்!"

"அது தூரப் பார்வை. இது கிட்டப் பார்வை. கண்ணாடி போட்டுக்கற வரைக்கும் வெளி மேஜையில உக்காரு. சாருலதா ரெண்டையும் பாத்துக்கட்டும்."

இப்படியாக முக்காலி சாருலதாவுக்கு வந்தது. வந்ததும் அவளுக்கும் வியர்த்தது. யூரின் ஸ்லைடை வைத்துச் சின்ன லென்ஸில் பார்த்தால், உள்ளே கும்மிருட்டு.

வேறொருத்தியாக இருந்தால் அந்த நிமிஷமே கத்தியிருப்பாள். சாருலதா கத்துகிற ஜாதியில்லை. இத்தனை நாள் ரத்தமே பார்த்துப் பழகிய தனக்குத்தான் யூரின் பார்க்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினாள். மேகலா இந்த இருட்டுக்குள்தான் இதுவரை எல்லாவற்றையும் கண்டுபிடித்தாளா என்று வியந்தாள்கூட. நடு லென்ஸுக்கு மாற்றினால் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்லைடையும் மூன்று முறை பார்த்து, ரிசல்ட் எழுதினாள். பூஜை வாரம் என்பதால் வந்த பாட்டில்களும் சொற்பம். இருட்டாக இருக்கிறது என்று சொன்னவளுக்கு முக்காலி போயிற்று. சொல்லாதவளுக்கு முக்காலி கிடைத்தது.

வெளி மேஜையில் மேகலா வாயைத் திறந்தது, கீழே மருந்துக் கடைவரை தெரிந்தது.

"மாமா! பாட்டில மறந்துட்டுப் போறீங்க! ஆமா, உங்களுதுதான், பச்ச மூடி!"

"மேகலா, மெதுவா" என்றார் சார் உள்ளேயிருந்து.

"மெதுவா சொன்னா அவருக்கு எப்படி சார் கேக்கும்? ரோட்டத் தாண்டிட்டாரு."

டெலிபோனில், "ரிசல்ட்டா? வந்திச்சு, வந்திச்சு. சக்கரை கீது. கொஞ்சம்தான், காபிக்குப் போடற அளவுக்கு. பயப்படாதீங்க" என்றாள். சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

லஸ் முனையில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டும் வந்தாள். "அந்த ஆளு எழுத்தப் படின்னாரு. படிச்சேன். சின்னத படின்னாரு. படிச்சேன். அதுக்கும் கீழ அச்சாபீஸ் பேரு, ஊரு எல்லாம் போட்டிருந்துச்சு, அதயும் படிச்சேன். கிட்டத்துல ஒரு அட்டையக் குடுத்தாரு. அத முடிச்சிட்டு அவரு சட்டப் பையில கீற பஸ் டிக்கெட்டப் படிச்சேன். எந்திரிச்சுப் போம்மான்னாரு."

சார் நம்பவில்லை. கண்ணாடிக் கடைக்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள். மைக்ராஸ்கோப் பொய் சொல்லாது. அடையாறில் படித்த பெண் ஒருத்தியை வரச் சொல்லியிருப்பதாகவும், திங்கட்கிழமை முதல் அவள் யூரின் பார்ப்பாள் என்றும், மேகலா வெளி மேஜையிலேயே நிரந்தரமாக இருக்கலாம் என்றும், ஏதோ வரம் கொடுப்பவரைப்போலச் சொன்னார்.

இதைவிட மோசம், அந்த வரத்தைக் கேட்டு அம்மா பாஞ்சாலி குளிர்ந்துபோனதுதான். பெண் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறாள் என்று ஊருக்குச் சொன்னாலும், என்ன வேலை என்று கேட்பவரிடம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். இப்போது மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் தானாகவே சொன்னாள்: "எம் பொண்ணு ஆபீசுல போன் எடுக்குது. இத்தினி நாளு ஊரான் மூத்திரத்த மொறச்சிப் பாத்துகினு கெடந்துச்சு. சாமி கண்ணத் தொறந்துச்சு." மேகலாவிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: சார் திருப்பிக் கூப்பிட்டாலும் அந்த முக்காலிக்குப் போகக்கூடாது.

"சாமி அதுக்குக் கண்ணத் தொறந்து எனக்கு மூடிடுச்சு" என்றாள் மேகலா. சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்காமல் இருந்ததை சாருலதா அன்றுதான் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சார் சாப்பிடப் போன நேரம். மேகலா உள்ளே வந்து, முக்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"சாரு, ஒண்ணு கேக்கறேன். கபாலி மேல சத்தியமா சொல்லணும். உனக்கு நல்லா தெரியுதா?"

சாருலதா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருட்டாத்தான் இருக்கு."

"இன்னாது?"

"முதல் நாள்லேர்ந்தே இருட்டுதான். எனக்குத்தான் பார்க்கத் தெரியலைன்னு நெனச்சுண்டேன்."

"அடிப்பாவி! நான் அங்க கண்ணு தெரியாதவன்னு பேரு வாங்கி உக்காந்துகினு கீறேன், நீ இங்க கண்ணு தெரிஞ்சவளாட்டம் உக்காந்துகினு கீற! ஏம்மே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா முத்தா கொட்டிடும்?"

திட்டுகிற வேகத்திலேயே அவளுக்கு முகம் மலர்ந்தது. கண்ணில் குறை இல்லை, அதுதான் முக்கியம். மற்றதைப் பிறகு திட்டிக்கொள்ளலாம். "நவுரு" என்று முக்காலியில் பாதியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ரத்தம் மட்டும் எப்படி நன்னாத் தெரியறது?" என்றாள் சாருலதா.

"அது பெரிய எடம். யாரும் மறைக்க மாட்டாங்க."

சாருலதாவுக்குக் கல்லூரியில் செய்த ஒன்று நினைவுக்கு வந்தது. வெளிச்சத்தில் கோளாறு என்றால் பொருளைப் பார்க்கக் கூடாது. வெளிச்சம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். மேலே கண் வைக்கும் கண்ணாடியை உருவி எடுத்துவிட்டு, வெறும் குழாய்க்குள் குனிந்து பார்த்தாள். ஆழத்தில், காசளவு வெளிச்ச வட்டம் தெரிய வேண்டிய இடத்தில், நட்டநடுவே ஒரு கறுப்பு வட்டம் உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி மெல்லிய நீல வளையம் மட்டும்.

"கிரகணம் மாதிரி இருக்கு" என்றாள்.

மேகலா அவளைத் தள்ளிக் குனிந்தாள். ஒரு கணம்தான். "இன்னா கிரகணம்! இது பொட்டுமே!"

"பொட்டா?"

"ஓரத்துல செவப்பு தெரியல? இவ்ளோ கரீட்டா நடுவுல மெட்ராசுல வேற யாரு வெப்பா?"

கண்டென்சருக்கு அடியில் விரலை விட்டு வளையத்தை வெளியே தள்ளினாள். நீலக் கண்ணாடி வந்தது. அதன் அடிப்பக்கத்தில், காய்ந்து கெட்டிப்பட்ட சந்தனமும் அதன்மேல் குங்குமமும், இம்மி கோணாமல், அழகாக இருந்தன. வாழை இலையில் கிடந்த பொருள்களில் சார் அதையும் விட்டுவைக்கவில்லை. துடைத்து வைத்தவளும் மேகலாதான், மாட்டியவளும் மேகலாதான்; அவளும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் விளங்கியது. பெரிய லென்ஸ் அகலமான வாய்க்காரன். பொட்டைச் சுற்றி வரும் வெளிச்சத்தையும் சேர்த்து விழுங்கிக்கொள்வான். சின்ன லென்ஸோ நடுவில் வருவதை மட்டும் வாங்கத் தெரிந்தவன்; நடுவைப் பொட்டு அடைத்துக்கொண்டது. மேகலா டயஃப்ரத்தைச் சுருக்கச் சுருக்க, பொட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்த ஓரத்து வெளிச்சத்தையும் தன் கையாலேயே மூடியிருக்கிறாள்.

இருவரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி நிறுத்தினால் அடுத்தவள் "டெலிபோனுக்கும்" என்பாள், மறுபடி ஆரம்பிக்கும்.

சிரிப்பு அடங்கியதும் சாருலதா துணியை எடுத்தாள். மேகலா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இரு. ஒரு தபா அத உள்ள தள்ளு. மினுக்குமினுக்குன்னு இன்னாவோ கீது அதுக்குள்ள. கோவத்துல சரியா பாக்கல."

அன்று வந்திருந்தது இன்ஜினியரின் பாட்டில். அந்த ஸ்லைடை வைத்து, கண்டென்சரை ஏற்றி, டயஃப்ரத்தை விரித்துவிட்டு மேகலா கண்ணைக் கொடுத்தாள். ஸ்லைடை மெல்ல மெல்ல நகர்த்தினாள். பிறகு முக்காலியிலிருந்து நகராமலே, சாருலதாவின் பின்னலைப் பிடித்துக் கீழே இழுத்தாள். சாருலதா பார்த்தாள். கன்னங்கரிய ஆழத்தில் நீலமும் வெள்ளியுமாக ஆயிரம் பொறிகள் மிதந்தன. தினமும் பார்க்கிற அதே தபால் உறைகள்தான். ஒவ்வொன்றின் விளிம்பும் யாரோ ஜரிகை வைத்துத் தைத்ததுபோல் ஒளிர்ந்தது.

கல்லூரியில் இதற்கென்றே தனியாக ஒரு கண்டென்சர் இருந்தது. அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். நடு வெளிச்சத்தை மறைத்து ஓரத்து வெளிச்சத்தை மட்டும் சாய்வாக விட்டால், பின்னணி கறுத்துப் பொருள் மட்டும் மின்னும் என்று பாடம் நடத்தினார்கள், காட்டியதில்லை. பூட்டி வைத்த அந்தச் சமாசாரத்தை சண்முகசுந்தரம் சார் சந்தனத்தில் செய்து முடித்திருந்தார்.

"ராத்திரி கடல்ல அலை ஒடையும்போது சில நாளு இப்பிடித்தான் மின்னும்" என்றாள் மேகலா மெதுவாக. மெதுவாகப் பேசவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சார் வந்தார். மேகலா எழுந்திருக்கவில்லை. நீலக் கண்ணாடியை உருவி, உள்ளங்கையில் வைத்து, பிரசாதம் கொடுப்பதுபோல நீட்டினாள்.

சார் கண்ணாடியைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். தம் கைவேலையை அவரால் அடையாளம் காண முடியாமல் இல்லை. அதை மாட்டி, சின்ன லென்ஸில் பார்த்தார். எடுத்துவிட்டுப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உன் கண்ணுல ஒண்ணுமில்லைன்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

"நெனச்சீங்க சார். வாய்தான் வேற மாதிரி சொல்லிடுச்சு."

"சரி, சரி. திங்கட்கிழமை அந்தப் பொண்ணை வர வேண்டாம்னு போன் பண்ணிடு."

"போன் எடுக்கறதே நான்தான சார். பண்ணிட்டேன்னு வெச்சிக்கங்க."

சாருலதா மறுபடி துணியை எடுத்தபோது சார் பதறிப்போனார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொட்டை அழிப்பாங்களாம்மா? கண்ணாடியை அப்படியே சாமி படத்துக்கிட்ட வை. நாளைக்குத் துடைச்சுக்கலாம். அதுவரைக்கும் அது இல்லாமலே பாருங்க. இந்த வாரத்து ஸ்லைடு எதெது மிச்சமிருக்கோ அதையும் இன்னொரு தடவை பாத்துடுங்க."

நீலக் கண்ணாடி இல்லாததால் வெளிச்சம் மஞ்சளாக விழுந்தது. மேகலா கண்டென்சரை இறக்கி, டயஃப்ரத்தைச் சுருக்கி, "ஆங், வந்துட்டான்" என்றாள். மாலைவரை முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. போன் அடித்தபோது சாருலதா ஓடி எடுத்து, மறுமுனையில் இருந்தவருக்குக் காது கேட்காத அளவுக்கு மெதுவாகப் பேசினாள்.

லேபைப் பூட்டும் நேரத்தில் மேகலா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. மாடிப்படியின் முதல் படியில் நின்று, துப்பட்டா நுனியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"சார் ஒத்துக்கினாரு. எங்கம்மா ஒத்துக்கணுமே" என்றாள். "நாளைக்கு நான் மறுபடி முக்காலிக்குப் போய்ட்டேன்னு தெரிஞ்சா கட மீன அப்பிடியே போட்டுட்டு வந்து என் கையப் புடிச்சு இழுத்துகினு பூடும்."

"நான் வந்து சொல்லட்டுமா?"

"நீ இன்னாத்த சொல்லுவ? நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அது ரெண்டு கூடை மீனு வித்துடும்." மேகலா ஒரு படி இறங்கினாள், மறுபடி ஏறி வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சாரு, எனக்கோசரம் ஒண்ணு பண்ணணும். அந்த இன்ஜினியர் பாட்டிலக் கொட்டிடாத. ஃப்ரிட்ஜுல வை. நாளைக்கு யாவாரம் முடிஞ்சதும் அம்மாவ இங்க கூட்டினு வரேன். துடைக்கறதுக்கு முன்னால அந்தக் கண்ணாடிய ஒரே ஒரு தபா மாட்டிக் காட்டு. அது வந்து குனிஞ்சு பாக்கும். பாத்துட்டு இன்னாடி இதுன்னு கேக்கும். என்னைக் கேக்காது, நான் பொய் சொல்லுவேன்னு அதுக்குத் தெரியும். உன்னைத்தான் கேக்கும். கடல் தண்ணின்னு சொல்லிடு. அது ஆசதீரப் பாத்து முடிக்கட்டும், மிச்சத்த நான் அப்புறமா சொல்லிக்கிறேன். உன் மூஞ்சியப் பாத்தா யாரா இருந்தாலும் நம்பிடுவாங்கமே. சொல்வியா?"